மலையகத்து உயர வீதிகளில் வண்டி ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி, ஹப்புத்தளை, ஹட்டன், மஸ்கெலியா, நக்கிள்ஸ் பக்கம் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று சமதரையில் ஓட்டிப் பழகியவர்களை நினைத்து எழுதியிருக்கிறோம். எல்லாவற்றையும் வாசிக்க நேரமில்லை என்றால் இறக்கத்தைப் பற்றிய பதில்களை மட்டுமாவது வாசித்துவிட்டு வண்டியை எடுங்கள். ஏற்றத்தில் பிழை விட்டால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் பிழை விட்டால் நிற்காது.

மலையகம் எரிமலையால் உண்டானதா? மலைகளின் வடிவத்தைப் பார்த்தால் அப்படித்தானே தெரிகிறது?

இல்லை. இலங்கையில் எரிமலை கிடையாது. சிவனொளிபாதமலை தூரத்திலிருந்து கூம்பு மாதிரித் தெரிவதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. இங்குள்ளவை பூமிக்கடியில் மிகுந்த சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பழைய பாறைகள்: நைஸ், சார்னொக்கைட், குவார்ட்சைட், சில இடங்களில் சலவைக்கல். அந்த உருமாற்றம் நடந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. கன்னியா, மஹபெலெஸ்ஸ வெந்நீர் ஊற்றுகளுக்கும் எரிமலைக்கும் தொடர்பில்லை. பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்குப் போன மழைநீர் சூடாகி மேலே வருகிறது, அவ்வளவுதான்.

வண்டி ஓட்டுகிறவருக்கு இதனால் என்ன? எரிமலை நாட்டு மலைப் பாதைகளில் சாம்பலும் சரளையும் காலை வாரும். இங்கே காலை வாருவது களிமண். பாறை உக்கிச் சிவந்த மண்ணாகி, கீழே உள்ள கெட்டிப் பாறையின்மேல் போர்வையாகக் கிடக்கிறது. மழை ஊறினால் அந்தப் போர்வை மொத்தமாக வழுக்கிக்கொண்டு வரும். மண்சரிவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை பெரும்பாலான வீதிகளுக்கு நல்ல காலம். ஆனால் மலையகம் முழுவதற்கும் ஒரே பருவம் என்று எதுவும் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் கொட்டும்: கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா. அதே நாட்களில் ஊவாப் பக்கம், அதாவது ஹப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, பெரும்பாலும் வெயிலும் கச்சான் காற்றுமாக இருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை மாறும்: வடகீழ்ப் பருவ மழை பதுளை, பசறை, லுணுகலை, நக்கிள்ஸின் கிழக்குப் பக்கம் ஆகியவற்றை நனைக்கும். ஒக்டோபர், நவம்பர்தான் இரு பக்கத்துக்கும் மோசமான காலம். பிற்பகலில் இடியோடு மழை வரும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக வீதிகளை அறுத்துப்போட்டதும் இந்தப் பருவத்தில்தான்.

ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் நுவரெலியா, அம்பேவெல, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் உறைபனி விழுந்து புல்லும் கொழுந்தும் கருகும். வண்டிக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. முன்கண்ணாடியில் படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். என்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் போதும்.

ஏப்ரல் புதுவருடச் சமயத்தில் நுவரெலியாவுக்கும், டிசெம்பர் போயாவிலிருந்து வெசாக் வரையான சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்து வார இறுதிகளில் மலையடிவாரத்து நல்லதண்ணிக்கும் வண்டியில் வர நினைக்கிறவர்கள் நெரிசலில் நிற்கவும் தயாராக வாருங்கள்.

சின்ன கார் ஏறுமா? ஜீப் வேண்டுமா?

தார் போட்ட வீதிகள் எல்லாவற்றிலும் ஓல்டோவும் வேகன் ஆரும் ஏறும். ஹோர்ட்டன் சமவெளிக்குப் பட்டிப்பொல வழியும் ஒஹிய வழியும் சாதாரண காருக்குப் போதுமானவை. ஆனால் வலு குறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டேர்போ இல்லாத என்ஜினின் வலுவும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். ஐந்து பேர், சாமான், ஏசி என்று போனால் 800 சிசி கார் முதல் கியரில் முனகும். வண்டியில் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஜீப் உண்மையிலேயே தேவைப்படும் பாதை ஒன்றைப் பிறகு சொல்கிறோம்.

கொழும்பிலிருந்து ஏறுவதற்கு எந்த வழி?

முதல்முறை வருகிறவருக்கு ஏ-5: பேராதனை, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை, நுவரெலியா. வீதி அகலம், வழியில் ஊர்கள் நெருக்கம். ஏ-7 அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக வரும். அழகு அதிகம், முடக்கும் அதிகம், மே முதல் செப்டெம்பர் வரை மழையும் அதிகம். ஹப்புத்தளைக்கு நேரே போவதென்றால் ஏ-4 வழியாக இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல வந்து ஏறலாம். பெரகலயிலிருந்து ஹப்புத்தளைக்குத் தூரம் குறைவு, ஏற்றம் கூர்மை.

நானுஓயா, ரதல்லை குறுக்கு வீதியைத் தனியாகச் சொல்லவேண்டும். செல்பேசி வரைபடம் கிட்டிய வழி என்று அதைத்தான் காட்டும். நீண்ட, செங்குத்தான இறக்கம் அது. 2023 ஜனவரி 20 அன்று பஸ், வான், ஆட்டோ மோதி 7 பேர் உயிரிழந்தது அங்கேதான். அதற்குப் பிறகு கனரக வாகனங்களுக்கு அதில் தடை போடப்பட்டது. காரில் போகலாம், ஆனால் ஆட்கள் நிறைந்த வானை அதில் இறக்காதீர்கள். பிரதான வீதியில் போனால் கூடுதலாகச் செலவாவது சில நிமிடங்கள்தான்.

புறப்படும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பிரேக் எண்ணெய். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 எண்ணெய் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய எண்ணெய் 140 பாகையிலேயே கொதிக்கலாம். டொட் 4 என்றால் 230, 155. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும், பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. சமதரையில் வருடக்கணக்கில் தெரியாத இந்தக் குறை இறம்பொடை இறக்கத்தில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு வருடத்துக்கு மேலாக மாற்றவில்லை என்றால் மாற்றிவிட்டு வாருங்கள். அளவு குறைந்திருந்தால் மேலே ஊற்றி நிரப்புவது தீர்வல்ல. பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ கசியலாம்.

பேட் 4 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பின் சக்கரம் டிரம் என்றால் ஷூவையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல கராஜ்களில் கேட்டால்தான் கழற்றுவார்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரு ஏற்றத்தில் நிறுத்திச் சோதியுங்கள். ஏழெட்டுப் பல் இழுத்தும் வண்டி நகர்ந்தால் இறுக்கவேண்டும். கூலண்ட், ரேடியேட்டர் மூடியின் ரப்பர், வைப்பர் ரப்பர், டிம் லைட் இரண்டும், ஹோர்ன். ஸ்பெயார் வீலில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை வண்டியில் பெரும்பாலும் இருக்காது. சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு மரக்கட்டை.

பெற்றோல் நுவரெலியா, வெலிமடை, ஹப்புத்தளை, ஹட்டன், தலவாக்கலை போன்ற நகரங்களில் கிடைக்கும். ஹோர்ட்டன் சமவெளியில் கிடையாது. நகரத்தை விட்டுப் போகும்போது அரைத் தாங்கிக்குக் கீழே இருக்கக்கூடாது.

குளிருக்காக டயர் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா?

வேண்டாம். கொழும்பில் 30 பாகை வெப்பத்தில் 32 பிஎஸ்ஐ அடித்த டயரை நுவரெலியாவில் 10 பாகைக் காலையில் அளந்தால் கிட்டத்தட்ட அதே 32 காட்டும். குளிரால் அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவு இறங்கும். வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவு குறைவதால் அளவுமானியில் இரண்டும் ஈடாகிவிடும். ஓடிச் சூடான டயரில் அளந்துவிட்டுக் காற்றை இறக்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

ஏறும்போது எந்த கியர்?

என்ஜின் அதிராமல் இழுக்கும் கியர். முடக்குக்கு 20 மீற்றர் முன்பே இறக்கிவிடுங்கள். முடக்குக்குள் நுழைந்த பிறகு கிளட்சை மிதித்தால் வண்டி வேகமிழந்து, இரண்டாவது கியரும் இழுக்காமல், முதல் கியரும் விழாமல் நடுவில் நிற்கும். பின்னால் பஸ் வரும். உள்பக்க முடக்குத்தான் செங்குத்து. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் நீங்கள் அந்தச் செங்குத்தில் ஏறவேண்டிவரும். அங்கே முதல் கியரே சரி.

நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு, வண்டியின் முன்பக்கம் சற்று எழும்பும்போது ஆக்சிலரேட்டரைக் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியைச் சரிவில் பிடித்து வைத்தால் கிளட்ச் பிளேட் கருகும். டூயல் கிளட்ச் உள்ள ஆட்டோ கியர் வண்டிகளுக்கும் இது பொருந்தும்: நெரிசலில் ஆக்சிலரேட்டரால் பிடித்து நிற்காமல் பிரேக்கை மிதித்து நில்லுங்கள், முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விழுந்த பிறகு நகருங்கள்.

சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, இடம் கிடைத்ததும் ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். 1,900 மீற்றரில் திறந்த தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். மூடி இறுக்கமாக இருந்து அழுத்தம் காக்கும் வரைதான் உள்ளே இருப்பது கொதிக்காமல் இருக்கிறது.

இறக்கத்தில் எப்படி ஓட்ட வேண்டும்?

ஏறும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பழைய லொறிச் சாரதிகள் சொல்லும் இந்த விதி இன்றும் சரி. காரணத்தைக் கணக்காகப் பார்ப்போம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறக்கம் சுமார் 1,400 மீற்றர். ஆட்களோடு 1,500 கிலோ நிறையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தி, 60 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் என்ஜினுக்குள் போகவேண்டும், இல்லையென்றால் சாப்பாட்டுத் தட்டு அளவான டிஸ்கிலும் டிரம்மிலும் போகும். எங்கே போவது என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கியர்.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். வேகம் பிடித்த பிறகு குறைக்கப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். பெற்றோல் காரில் 2,500 முதல் 3,500 ஆர்பிஎம் வரை சுற்றினால் பயப்படாதீர்கள். சத்தம் கூடும், கேடில்லை. இரண்டாவது கியரில் காலை எடுத்தும் வேகம் ஏறிக்கொண்டே போனால் முதல் கியருக்கான சரிவு அது. பிரேக்கை மிதிக்கும்போது அழுத்தி மிதித்து 40இலிருந்து 25க்குக் கொண்டுவந்து முழுதாக விடுங்கள். மறுபடி 40 ஆகும்போது மறுபடி மிதியுங்கள். பெடலில் காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவது கவனமான ஓட்டம் போலத் தோன்றும். உண்மையில் பேட்டுக்கு ஆற நேரமே கொடுக்காத ஓட்டம் அது.

நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. இன்ஜெக்ஷன் என்ஜினில் கியரில் இருந்தபடி காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் முற்றாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமல் இருக்கப் பெற்றோல் செலவாகிறது. உயிரும் போய், பெற்றோலும் போகும் வேலை அது.

ஆட்டோ கியர், ஹைபிரிட் வண்டிகளில் என்ன செய்வது?

'டி'யில் மட்டும் விட்டு இறங்கக்கூடாது. சிவிடி வண்டியில் 'எல்' அல்லது 'எஸ்', பழைய ஆட்டோ கியரில் '2' அல்லது 'எல்'. வேகத்தை 40க்குக் கீழே கொண்டுவந்த பிறகு 'எல்' போடுங்கள். பிரியஸ், அக்குவா, அக்சியோ ஹைபிரிட் போன்றவற்றில் 'டி'க்குக் கீழே ஒரு 'பி' இருக்கும். பார்க்கிங் அல்ல, என்ஜின் பிரேக். நீண்ட இறக்கத்துக்கென்றே வைத்தது அது.

ஹைபிரிட்டில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இறக்கத்தின் முதல் பாதியில் மோட்டர் மின்சாரத்தைச் சேமித்து வண்டியைத் தானாகப் பிடிக்கும். பிரேக் மிக இலேசாக இருக்கும். பற்றரி நிறைந்ததும் அந்தப் பிடி தளரும். என்ஜின் திடீரென்று இரைந்து சுற்றத் தொடங்கும். பழுது அல்ல, சேமிக்க இடமில்லாத சக்தியை என்ஜினில் செலவழிக்கிறது. அந்த நேரத்தில் பயந்து 'டி'க்கு மாற்றினால் முழுப் பாரமும் பேட்டின்மேல் விழும்.

பிரேக் கருகும் வாடை வருகிறது, அல்லது பெடல் உள்ளே போகிறது. உடனே என்ன செய்ய?

வாடை மட்டும் என்றால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்துங்கள். முதல் கியர் அல்லது ரிவர்ஸ் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு ஹேண்ட் பிரேக் இழுத்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிப் பிடிக்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளையும் அல்லது வெடிக்கும். வழியோர அருவித் தண்ணீரைப் பிடித்துச் சக்கரத்தில் ஊற்றும் பழக்கம் இங்கே உண்டு, பார்த்துப் பழகவேண்டாம்.

பெடல் உள்ளே போனால் வேகமாகப் பலமுறை பம்ப் பண்ணுங்கள். ஓரளவு அழுத்தம் திரும்பும். அதே நேரத்தில் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் பொத்தானை அமுக்கியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் வழுக்கி வண்டி சுழலும். என்ஜினை அணைக்காதீர்கள், ஸ்டியரிங் கல்லாகும். இன்னும் நிற்கவில்லை என்றால் பள்ளத்துப் பக்கத்தை விட்டு மலைப் பக்கம் போங்கள்: கானுக்குள் சக்கரத்தை இறக்கி, மண் மேட்டோடு உரசி நிறுத்துங்கள். கதவும் பம்பரும் போகும், போகட்டும்.

ஒடுங்கிய வீதியில் யார் வழி விட வேண்டும்?

ஏறும் வண்டிக்கு முதலிடம், இறங்குகிறவர் காத்திருக்கவேண்டும். ஆனால் ஒதுங்கும் இடம் யாருக்குக் கிட்ட இருக்கிறதோ அவர் பின்னால் எடுப்பதுதான் நடைமுறையில் புத்தி. எதிரே பஸ்ஸோ கொழுந்து லொறியோ என்றால் விவாதமில்லை, நீங்கள் எடுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் பஸ் முழு வீதியையும் எடுத்துத்தான் திரும்பும். வளைவுக்குப் பத்துப் பதினைந்து மீற்றர் முன்பே நின்று விடுங்கள். குருட்டு முடக்கில் ஒருமுறை ஹோர்ன் அடித்து, கண்ணாடியை இறக்கிப் பதில் ஹோர்ன் வருகிறதா என்று கேளுங்கள். எதிர் வண்டி ஹெட் லைட்டை வெட்டி அடித்தால் "நீ வா" என்று பொருளல்ல; இந்த நாட்டில் அது "நான் வருகிறேன்". வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

மூடுபனியில்?

நானுஓயா, ஹக்கல, பட்டிப்பொல, ஹப்புத்தளைப் பக்கம் மதியத்துக்குப் பிறகு எந்த நாளும் இறங்கலாம். டிம் லைட் மட்டும். ஹெட் லைட்டை உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஓடும்போது நான்கு சிக்னலையும் போடாதீர்கள். நீங்கள் திரும்புவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும். கண்ணாடி உள்ளே வியர்த்தால் ஏசியைப் போட்டு வெளிக்காற்றைத் திறந்து முன்கண்ணாடிக்கு விடுங்கள்.

ஈர வீதியில் 20 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் நிற்க, கண்டதிலிருந்து கணக்கிட்டால், சுமார் 11 மீற்றர் தேவை. 30இல் 20 மீற்றர். 40இல் 29 மீற்றர். முன்னால் எத்தனை மீற்றர் தெரிகிறது என்று பார்த்து வேகத்தை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இரவில் ஓட்டலாமா?

கூடாது என்பதே எங்கள் கருத்து. 2025இல் நாட்டை உலுக்கிய இரண்டு பஸ் விபத்துகளான மே 11 கொத்மலை கெரண்டிஎல்ல, செப்டெம்பர் 4 எல்ல–வெல்லவாய வீதி, இரண்டும் இருட்டில் நடந்தவை. விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் ஓட்டுவதை விட ஓர் இரவுத் தங்குமிடம் மலிவு.

மழை பெய்கிறது. மண்சரிவு வருமா என்று எப்படித் தெரியும்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது பொது அளவு. நீங்கள் போகும் பிரிவு செம்மஞ்சள் என்றால் பயணத்தைத் தள்ளுங்கள்.

வீதியில் பார்க்கவேண்டியவை: மேட்டிலிருந்து சிறு கற்கள் உருளுதல், தெளிவாக ஓடிய கான் தண்ணீர் திடீரென்று சேறாதல், வீதியின் பள்ளத்துப் பக்கத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம். எல்லாவற்றையும் விட மோசமான அறிகுறி, கொட்டும் மழையிலும் ஓடை திடீரென்று வற்றுவது. மேலே எங்கோ மண் அடைத்துவிட்டது, அது உடையப்போகிறது என்று பொருள். வெட்டிய மேட்டின்கீழ் மழைக்கு ஒதுங்கி வண்டியை நிறுத்தவே கூடாது. வீதியில் மண் விழுந்திருந்தால் இறங்கி அளக்கப் போகாதீர்கள். முதல் சரிவுக்குப் பின்னால் இரண்டாவது வருவது வழக்கம். திரும்பிப் போங்கள்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு எந்தப் பக்கத்தால்?

நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழி சுமார் 32 கிலோமீற்றர். சரிவு மிதம், பால்பண்ணை வண்டிகள் உண்டு. ஹப்புத்தளையிலிருந்து பொரலந்த, ஒஹிய வழி ஒடுக்கம், கொண்டை ஊசிகள் அடுக்கடுக்காக வரும். ஏறப் பரவாயில்லை, புதியவர் அதில் இறங்குவதை விடப் பட்டிப்பொலயால் இறங்குவது நல்லது. பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கும். 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பின் காட்சி ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பனியில் மறைந்துவிடும் என்பதால் எல்லோரும் விடியலில் ஒரே நேரத்தில் ஏறுவார்கள். சமவெளிக்குள் மரைகள் வீதியில் நிற்கும். ஹோர்ன் அடிக்காமல் லைட்டைத் தாழ்த்திக் காத்திருங்கள். உணவு கொடுக்காதீர்கள்.

ஒஹியவிலிருந்து கலுபஹனவுக்கு இறங்கும் 'டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ்' பாதையில் காரில் போகலாமா?

போகவே கூடாது. உடவேரிய தோட்டத்தைக் கடந்து பம்பரகந்த நீர்வீழ்ச்சிப் பக்கம் இறங்கும் பாதை அது. கல், சேறு, பிளந்த கொங்கிறீற்று. நான்கு சக்கரமும் இழுக்கும், லோ ரேஞ்ச் (மிக மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் தனி கியர் வரிசை) உள்ள, தரையிலிருந்து உயர்ந்த வண்டிதான் வேண்டும். அதுவும் காய்ந்த நாளில், இரண்டு வண்டியாக, மேலிருந்து கீழாக. லோ ரேஞ்ச் முதல் கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் என்ஜின் பிடியிலேயே இறங்கவேண்டும். சேற்றில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். சக்கரத்தைப் பள்ளத்தின் இரு விளிம்பிலும் வைத்து ஓட்டுங்கள், நடுவே இறக்கினால் வயிறு தட்டி மாட்டிக்கொள்ளும்.

தோட்டப் பாதைகளில்?

பல பாதைகள் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். கேட்டில் காவல்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காலையில் வேலைக்கு இறங்கும் நேரமும் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் நேரமும் வீதி நடையாளர்களுடையது. பிள்ளைகள் காலை ஏழு மணிக்கும் பிற்பகல் ஒன்றரைக்கும் வீதியோரம் வரிசையாக நடப்பார்கள். ஒதுங்க அவர்களுக்குக் கான் மட்டும்தான் இருக்கிறது. 15 கிலோமீற்றருக்கு மேல் போகாதீர்கள். தம்பதென்னையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறும் பாதையும் இந்த ரகம்தான். கூட்ட நாளில் ஹப்புத்தளையிலிருந்தே ஆட்டோ பிடித்துப் போவது உங்களுக்கும் நல்லது, ஊர்க்காரருக்கும் நல்லது.

மலை உயரத்தால் நோய் வருமா? பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்களே?

உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான். நாட்டின் மிக உயர்ந்த பீதுருதலாகலையே 2,524 மீற்றர். வாந்திக்குக் காரணம் முடக்கு. பிள்ளையை நடுவில், தூரத்து வீதி தெரியும்படி இருத்துங்கள், செல்பேசியை வாங்கிவையுங்கள், புறப்படும் முன் பால் கொடுக்காதீர்கள். தேசிக்காயை முகர்வது சிலருக்கு உதவும். சாரதி முடக்கில் வேகத்தை ஒரே சீராக வைத்தால் பாதி வாந்தி நிற்கும்.

இங்கே ஓட்டிப் பழகியவர் வெளிநாட்டில் எரிமலை மீது போகும் வீதிகளில் ஓட்டலாமா?

இறக்கத்து கியர்ப் பழக்கம் அப்படியே உதவும். மற்றவை வேறு. ஹவாயின் மௌனா கியாவை எடுங்கள்: உச்சி 4,205 மீற்றர், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்கு. 2,800 மீற்றரில் உள்ள வருகையாளர் நிலையத்தில் அரைமணி நேரமாவது தங்கி உடலைப் பழக்கிவிட்டுத்தான் ஏறச் சொல்வார்கள். அதற்கு மேலே தார் இல்லாத பகுதி உண்டு. நான்கு சக்கர இழுவையும் லோ ரேஞ்சும் தேவை. சரளையில் பிரேக் தூரம் நீளும், வலப்பக்கம் ஓட்டவேண்டும். தலை இடித்தால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால் உடனே கீழே இறங்கவேண்டும். அந்த நிலையில் சாரதியே இருந்தால் வேறொருவர் ஓட்டவேண்டும்.

வண்டி நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. அழைக்கும் முன் அருகிலுள்ள கிலோமீற்றர் கல்லைப் பாருங்கள். "ஏ-5 வீதி, இத்தனையாவது கல், லபுக்கலைக்கு மேலே" என்று சொன்னால் தேடவேண்டியதில்லை. பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். அடுத்த முடக்குவரை நடந்தால் பெரும்பாலும் வரும், அல்லது கடந்துபோகும் பஸ் நடத்துநரிடம் சொல்லி அனுப்பலாம். வண்டியை முடக்கில் விடாமல் நேர்ப்பகுதிக்கு உருட்டி, முன்சக்கரத்தை மலைப் பக்கம் திருப்பி, கட்டை வைத்து, 30 மீற்றர் முன்னாலும் பின்னாலும் ஒரு பச்சைக் கிளையை வெட்டிப் போடுங்கள். முக்கோணப் பலகை இல்லாத இடத்தில் மலையகச் சாரதிகள் எல்லோரும் புரிந்துகொள்ளும் அடையாளம் அது. போகும்போது கிளையை எடுத்து ஓரத்தில் எறிந்துவிடுங்கள்.